பதினோராம் புள்ளி

அந்தத் தெருவில் இன்றைக்கும் அக்காவைத் 'தண்ணிய நிறுத்துனவ' என்றுதான் சொல்கிறார்கள். பெயரைச் சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

எனக்கு அவர் முதலில் ஓர் அட்டைத் துண்டு. சேலைப் பெட்டியின் அட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கி, கம்ப்யூட்டர் திரையின் மேல் குறுக்காகப் பிடித்துக்கொள்வார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் கடைசி வரி. அந்த வரியிலும் கடைசிச் சொல். அங்கிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு எழுத்தாக. அட்டை வரி வரியாக மேலே ஏறும். உலகம் முழுக்கத் தலையிலிருந்து காலுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா காலிலிருந்து தலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், விசாவும் டிக்கெட்டும் எடுத்துக் கொடுக்கிற ட்ராவல்ஸ் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். எட்டுப் பேர். வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு எழுதப்படும் கட்டுரைகள் சென்னைக் கம்பெனிக்கு வரும். அங்கிருந்து உள்காண்ட்ராக்டில் எங்களிடம் வரும். பக்கம் கட்டி, பிழை பார்த்து, சந்தேகங்களை ஓரத்தில் கேள்வியாகப் போட்டு, கட்டுரை எழுதியவருக்கு அனுப்புவோம். அவர் பதில் போட்டுத் திருப்புவார். சரி செய்து அனுப்பிவிட்டால் எங்கள் ஜோலி முடிந்தது. எலும்பு, எறும்பு, வங்கி, வால்நட்சத்திரம் எல்லாம் அந்த மாடிப்படி ஏறி இறங்கியிருக்கின்றன. கீழே ஆம்பளைகள் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டக் காத்திருப்பார்கள். மேலே நாங்கள் கடலுக்கு அப்பால் இருப்பவனுக்குக் காற்புள்ளி போட்டுக்கொண்டிருப்போம்.

"அர்த்தம் பாத்தா கண்ணு வழுக்கிரும் தம்பி" என்பார். "மூளை இருக்கே, அது இல்லாத எழுத்தையும் இருக்குன்னு சாதிக்கும். அத வெளியில செருப்போட நிறுத்திட்டு உள்ள வா."

எனக்கு அது வரவில்லை. எனக்குக் கவிதைக் கிறுக்கு. ஒரு கட்டுரையில் தாய்த் திமிங்கிலம் செத்த குட்டியைச் சுமந்துகொண்டு நீந்தியது என்று வந்தால், நானும் கூடவே நீந்திப்போய்விடுவேன். கரை ஏறும்போது நாலு பக்கம் தாண்டியிருக்கும்.

"நேத்து ஒன் பைல்ல ஏழு தப்பு" என்று மறுநாள் அக்கா நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வருவார். "திமிங்கிலத்து வீட்டு எழவுக்குப் போயிருந்தியோ?"

அவர் பைலில் தப்பே இருக்காது. சென்னையில் ஒருத்தன் சோதித்துப் பார்த்து ஓய்ந்துபோனான். நாங்கள் எல்லோரும் கேள்விகளை 'ப்ளீஸ்' என்று தொடங்குவோம். அக்கா மட்டும் 'கைண்ட்லி' என்றுதான் தொடங்குவார். ப்ளீஸ் என்றால் கெஞ்சுவது போல இருக்கிறதாம். கைண்ட்லி என்றால் வெற்றிலை வைத்துக் கேட்பது போல இருக்கிறதாம். ஆயிரம் பைலுக்கு நடுவே அக்கா பார்த்ததை அந்த ஒரு சொல்லை வைத்தே எடுத்துவிடலாம்.

ஒருநாள் மதியம் அவருடைய தம்பியிடமிருந்து செய்தி வந்தது. போனைப் பார்த்தார். என் பக்கம் நீட்டினார். "காலமானர்னு அடிச்சிருக்கான் பாரு. 'னா'வுல காலை விட்டுட்டான்" என்றார். நான் படித்தேன். அவருடைய அப்பா. நான் தலையை நிமிர்த்தும்போதுதான் அவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. நின்றுகொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்த இடைவெளி ஐந்து நொடி இருக்கும். நான் அதைப் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கும் அர்த்தத்துக்கும் நடுவே அவர் வெட்டி வைத்திருந்த வாய்க்கால் அது. அதில்தான் எல்லாம் விழுந்தது.

சென்னையிலிருந்து மேனேஜர் வந்த நாளும் ஞாபகம் இருக்கிறது. பஜ்ஜி வாங்கி வைத்துவிட்டு எங்களை வட்டமாக உட்காரச் சொன்னார்.

"இத்தன நாளா பத்திரிகைய லைப்ரரிக்கு வித்துச் சம்பாரிச்சாங்க. இனிமே அது ஓடாது. எழுதுறவங்க காசு கட்டுவாங்க, படிக்கிறவங்க சும்மா படிக்கலாம். ஓபன் ஆக்சஸ். அறிவு எல்லாருக்கும்."

"எழுதுறவுகளுக்கு யாரு சார் காசு குடுப்பா?" அக்கா பஜ்ஜியை இரண்டாகப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அவங்க யூனிவர்சிட்டி குடுக்கும். கவர்மென்ட் குடுக்கும்."

"குடுக்காட்டி?"

"குடுக்காட்டி பழையபடிதான். கட்டுரை பூட்டிக் கெடக்கும். வேணுங்கிறவன் காசு கட்டித் தொறந்துக்குவான்."

"ஏறுறவன் எடுத்தா என்ன, ஏத்திவிட வந்தவன் எடுத்தா என்ன. டிக்கெட்டு டிக்கெட்டுதானே சார்" என்றார் அக்கா.

மேனேஜரும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் காசு என்று ஆகிவிட்டதால், இனி எத்தனை கட்டுரை வெளிவருகிறதோ அத்தனைக்கு அத்தனை வியாபாரம். நாளைக்கு நாலு பார்த்தவர்கள் எட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதத்திலிருந்து கட்டுரைகள் மழைக்குப் பிறகு வரும் ஈசல் போல வந்து மொய்த்தன. ஒவ்வொன்றிலும் முதல் கேள்வி ஒன்றே: ஓபன் ஆக்சஸா, வழக்கமானதா? காசு கட்டியிருந்தால் தலைப்புக்கு மேலே திறந்த பூட்டுப் படம் ஒன்று வைப்போம். கட்டவில்லை என்றால், உரிமை எல்லாம் பதிப்பகத்துக்கே என்று அடியில் ஒரு வரி. இரண்டு நிமிஷ வேலை. யாருக்குத் திறக்கிறோம், யார் முகத்தில் சாத்துகிறோம் என்று நினைக்க அந்த இரண்டு நிமிஷத்தில் இடமில்லை.

பைல்களைப் பிரித்துக் கொடுப்பதற்கும் ஒரு வழக்கம் வந்தது. டேபிளும் மேப்பும் இருந்தால் அக்காவுக்கு. வெறும் எழுத்து என்றால் "கவிஞருக்குத் தள்ளு." எண்களில் தப்பு விட்டால் கம்பெனிக்குக் கெட்ட பெயர். அக்கா விடமாட்டார்.

அக்கா வீடு அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். கட்டுமாவடிப் பக்கமிருந்து வரும் மீன் வண்டிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டு தாண்டிப் போகும் ரோட்டில் இறங்கி, கருவேலங்காட்டு வழியே நடக்க வேண்டும். ஒரு பொங்கலுக்கு ஆபீஸ் மொத்தமும் போனோம். அவர் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். அந்தப் பணத்தில் முதலில் போட்டது வீடு இல்லை, போர். இருநூறு அடிக்கும் கீழே போய்க் கண்ட தண்ணீர். பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் கலங்கலாக வரும் ஊரில், அக்கா வீட்டு வாசலில் கண்ணாடி மாதிரி கொட்டியது. தெருவே குடத்தோடு நின்றது. அக்கா யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடும்.

"எங்க தண்ணிய காலேஜ்ல இருந்து வந்து பாட்டில்ல புடிச்சுட்டுப் போயிருக்கு ஒரு புள்ள" என்று எங்களுக்குச் சொம்பில் மொண்டு கொடுத்தபடி சொன்னார். "ஆராய்ச்சியாம். ரிசல்ட்டு வந்ததும் வந்து சொல்றேங்கன்னு போயிருக்கு."

"பர்ஸ்ட் மார்க்குத்தான் வரும்" என்றேன். நான் இரண்டு சொம்பு குடித்தேன்.

அந்தப் பெண் வரவில்லை. யாரும் நினைத்துக்கொள்ளவும் இல்லை.

அக்காவுடைய மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. பல்லில் காவிக் கோடுகள். பள்ளிக்கூடத்தில், "பல்லு வெளக்காம வராத" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மூன்று வகை பேஸ்ட் மாற்றினார். எட்டாம் வகுப்பு வந்தபோது அந்தப் பிள்ளையால் முழங்காலை மடக்கி உட்கார முடியவில்லை. "வளர்ற வயசு வலி" என்றார்கள். அக்காவுக்குக் கழுத்து இறுகிக்கொண்டே வந்தது. அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் எட்டுப் பேருக்கும் கழுத்து வலிதான். 'கம்ப்யூட்டர் கழுத்து' என்று சொல்லி, ஒரே தைலத்தை மேசை மேசையாகச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டர் மகளின் பல்லையும் எக்ஸ்ரேயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். "எங்க சொந்தத் தண்ணிதான் சார்" என்று அக்கா கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கலாம், தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஆபீஸுக்கு வந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அந்தக் காலேஜுப் புள்ள எழுதுனது எங்கிட்டாவது கெடக்குதான்னு பாரேன்."

தேடினேன். கிடைத்தது. தலைப்பும் சுருக்கமும் மட்டும் திரையில் நின்றன. நம் மாவட்டம், நிலத்தடி நீர், கிராமக் கிணறுகள். சில கிணறுகளின் நீர் குடிக்கத் தகாதது என்று சுருக்கத்தின் கடைசி வரி. எந்தக் கிணறு என்பது உள்ளே இருக்கிறது. உள்ளே போக டாலரில் கட்ட வேண்டும். ஒருநாள் பார்ப்பதற்கு ஒரு தொகை, வைத்துக்கொள்வதற்கு ஒரு தொகை. எங்களுக்குச் சோறு போடுகிற அதே பதிப்பகத்தின் பத்திரிகை. அந்தப் பூட்டுப் பக்கம் வெள்ளையாக, சுத்தமாக, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது.

அந்தப் பெண்ணின் போன் நம்பரை அவள் முன்பு வேலை பார்த்த கல்லூரி வழியாக இரண்டு நாளில் பிடித்துவிட்டோம். ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா, தான் யார் என்று சொன்னார்.

"ஏம்மா வந்து சொல்லல?" அக்கா கோபப்படாமல் கேட்டார்.

"பேப்பர் வெளிவர்ற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு கைடு சொல்லிட்டாருங்க. வந்ததுக்கப்புறம் எனக்கே அது தொறக்கலங்க. எங்க காலேஜுல அந்தப் பத்திரிகை வாங்கல. ஓபன்ல போடணும்னா ஒரு தொகை கேட்டாங்க. நான் கெஸ்ட் லெக்சரர்ங்க, என் வருசச் சம்பளமே அவ்வளவு இருக்காது. ஒரு கவர்மென்ட் ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். அச்சான காப்பி கொண்டாங்கன்னாங்க. அப்புறம் வேலை போச்சு. கல்யாணமாகி இங்கிட்டு வந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேங்க. மறக்கப் பாத்தேன்."

"இப்பக் குடுக்க முடியுமாம்மா?"

"எங்கிட்ட ப்ரூஃப் காப்பிதாங்க இருக்கு. ஓரத்துல கேள்வியெல்லாம் போட்டிருப்பாங்க. பரவால்லயா?"

அக்கா சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் கடைசியாகச் சிரித்ததைப் பார்த்தேன். "நான் நெதம் பாக்குறதே அதத்தான்ம்மா. அனுப்பு."

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அக்கா போரை நிறுத்தினார். கட்டுரையில் இருந்ததைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி வாசல் சுவரில் ஒட்டினார். இரண்டாம் நாள் அதைக் கிழித்திருந்தார்கள். மறுபடி ஒட்டினார். கரண்டு பில்லுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்றார்கள். படித்த திமிர் என்றார்கள். வீட்டுக்காரர் சவுதியிலிருந்து, "நான் வெயில்ல வெந்து எடுத்த தண்ணியவாடி வெசம்ங்கிற" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர் ஒரு மாதம் பேசவில்லை. நாலு வீடு தள்ளி ஒருத்தர் புதுப் போர் போட்டார். அதே மண், அதே ஆழம். குடங்கள் அங்கே போய் நின்றன. அக்கா அங்கேயும் போய்ச் சொல்லிப் பார்த்தார். "ஓம் வீட்டுத் தண்ணிய நிறுத்திட்ட, எங்க வீட்டுத் தண்ணியையும் நிறுத்த வந்துட்டியா" என்று வாசல் கேட்டை அடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆபீஸும் பிறகு மூடிப்போனது. பிழை பார்க்க மென்பொருள் வந்துவிட்டது. அது எந்தப் பக்கமிருந்து வாசிக்கிறது என்று எனக்குத் தெரியாது. அக்கா மகளின் வைத்தியத்துக்காகத் தஞ்சாவூரில் வீடு பிடித்துப் போனார். போகிற அன்றைக்கு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து கூப்பிட்டேன். கழுத்து திரும்பவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, காலை மாற்றி மாற்றி வைத்து, உடம்பு மொத்தத்தையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"டேபிள் இருக்குறத ஒங்கிட்டத் தள்ளியிருக்கணும் தம்பி" என்றார். பஸ் வந்துவிட்டது.

ஆமாம். என்னிடம் வந்திருந்தால் நான் பத்துத் தப்பு விட்டிருப்பேன். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நின்றிருப்பேன். இதை எத்தனை தடவை எழுதிப் பார்த்தும் ஒரு கவிதையாகக்கூட ஆகவில்லை. ஆகவும் வேண்டாம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மெயில் வந்த மறுநாள். அக்கா வீட்டுக்கு லேப்டாப்போடு போனேன். காலை நேரம். வாசலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். யாரோ யாருடைய மருமகளையோ கேலி பண்ண, ஒரே சிரிப்பு. மகள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் பைலைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில், ஓரத்தில், முதல் கேள்வி. 'கைண்ட்லி' என்று தொடங்கியது.

அடுத்த பக்கத்துக்குத் தள்ளினேன். கைண்ட்லி. அதற்கடுத்து, கைண்ட்லி. மூடிவிடலாமா என்று நினைத்தேன். வைரஸ் என்று சொல்லலாம், பைல் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லலாம். அதற்குள் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். கழுத்தைக் குனிய முடியாததால் இடுப்பை வளைத்துத் திரையைப் பார்த்தார்.

முதல் கேள்வி, ஓபன் ஆக்சஸா வழக்கமானதா என்பது. அதன் கீழே அந்தப் பெண்ணின் பதில்: வழக்கமானது, கட்டணம் கட்ட வழியில்லை. மூன்றாவது கேள்வி, படம் ஒன்றைப் பற்றி. அது ஒரு மேப். நம் பக்கத்து ஊர்கள், ரோடு, கண்மாய், கிணறுகளுக்குப் புள்ளிகள். ஓரத்தில் அக்கா கேட்டிருந்தார்: பதினோராம் புள்ளியின் எண் பக்கத்துக் கோட்டின் மேல் ஏறி நிற்கிறது, தெளிவாகத் தெரியும்படி வேறு படம் அனுப்பவும்.

பதினோராம் புள்ளி, கருவேலங்காட்டைத் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் அப்போது அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தோம்.

"இது நான் கேட்டது" என்றார் அக்கா.

"வேற படம் அனுப்புச்சு அந்தப் புள்ள. நல்லாத் தெளிவா இருந்துச்சு. ஓகே போட்டேன்." கொஞ்சம் கழித்து, "நாலாவது டேபிள்ல ரெண்டு எண்ணு எடம் மாறிக் கெடந்துச்சு. அதையும் புடிச்சேன்" என்றார். தன் மேல் சுமத்தப்பட்ட எதற்கோ பதில் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுத்துகள் எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தன. அதில் என்ன சொல்லியிருந்தது என்பது மட்டும் இல்லை. இவர் பார்த்து அனுப்பிய பிறகு இந்தத் தெரு இந்த வாசலில் ஆறு வருஷம் குடம் நிறைத்திருக்கிறது.

வீட்டிலும் ஒரு சேலைப் பெட்டி அட்டை மேசை மேல் கிடந்தது. அதை எடுத்தார். திரைக்குக் கொண்டுபோனார். கை தானாகக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியது. தள்ளிய கையை அவரே பார்த்தார். அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"எனக்கு வராது. நீ அர்த்தம் பாக்குறவன். மேல இருந்து படி. தமிழ்ல சொல்லு."

படித்தேன். தலைப்பு. யார் எழுதியது. எந்தெந்த ஊரில், எப்படித் தண்ணீர் எடுத்தார்கள். பாட்டிலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று முறை கழுவினார்கள் என்று வந்தது. "ஆமா, கழுவுனா" என்றார். அந்த ஃப்ளோரைடு உப்பு எலும்பில் போய் எப்படி உட்காரும், குழந்தைகளுக்கு முதலில் பல்லில் எப்படித் தெரியும் என்று வந்தது. மகள் புத்தகத்தை மூடியிருந்தாள். நான் மெதுவாகப் போனேன். பிறகு வேகமாகப் போனேன். இரண்டாலும் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது டேபிள் வந்தது. கிணறு ஒன்று, அதன் எண். கிணறு இரண்டு, அதன் எண். பத்து. நிறுத்தினேன்.

"நிறுத்தாத. வரிசையாப் படி."

பதினொன்றுக்கு நேரே இருந்ததுதான் அந்தப் பக்கத்திலேயே பெரிய எண். படித்தேன். அதற்குக் கீழே, இந்த நீரைக் குடிப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதையும் தமிழில் சொன்னேன். 'உடனே' என்ற சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அக்கா எழுந்தார். உடம்பை மொத்தமாகத் திருப்பி, மகளைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசல் சுவரில் இருந்த ஸ்விட்சுக்குப் போனார். மோட்டார் இருமி நின்றது. குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, விட்டது. வரிசையில் முதலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றியபடி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, கரண்டு போயிருச்சா?"

"இல்லடி" என்றார் அக்கா. "இப்பத்தான் படிச்சேன்."